முடிச்சவிழ்க்கி

தெருத் திருடர்களுக்கும் போக்கிரிகளுக்கும் நம்மிடம் பெயர்கள் ஏராளம். கேடி போலீஸ் பதிவேட்டில் பிறந்தது. ரவுடி வெள்ளைக்காரனோடு வந்தது. குண்டர் 1982-இல் சட்டத்தின் பெயரிலேயே ஏறிவிட்டது. எனக்குப் பிடித்த பெயர் முடிச்சவிழ்க்கி. சென்னைச் சண்டைகளில் அது ‘முடிச்சவிக்கி’ என்று தேய்ந்து, மொள்ளமாரியோடு ஜோடியாகவே வரும். மரங்கொத்தி மாதிரி, தொழிலே பெயர்.

சட்டைப்பை வருவதற்கு முந்தைய பெயர் அது. ஆண்களின் காசு வேட்டி மடியில், பெண்களின் காசு முந்தானை முனையில். என் அப்பத்தாவின் முடிச்சை டவுன் பஸ்ஸில் பார்க்க வேண்டும். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி நிற்பார். அப்பத்தா நகத்தால் நெருடி, முடியாமல் பல்லால் இழுத்து, வெற்றிலை வாசம் அடிக்கும் காசை எடுத்துக் கொடுப்பாள். மீதிச் சில்லறையை வைத்து மறுபடி இறுக்கி, இடுப்பில் செருகிய பிறகுதான் உட்காருவாள். போட்டவளுக்கே அவிழாத முடிச்சை, அவள் அறியாமல் ஒருவன் எப்படி அவிழ்த்திருப்பான்? அந்த விரல்களை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான்.

அந்த விரல்களைத்தான் மனுஸ்மிருதியும் குறிவைத்தது. வடமொழியில் அவன் கிரந்திபேதன், முடிச்சைப் பிளப்பவன். அங்கே பிளக்கிறான், நம்மூரில் அவிழ்க்கிறான். முதல் முறை பிடிபட்டால் விரல்களை வெட்ட வேண்டும், இரண்டாம் முறை ஒரு கையும் காலும், மூன்றாம் முறை உயிரே போகும் என்கிறது ஒன்பதாம் அத்தியாயம். ஒரு முடிச்சுக்கு ஓர் உயிர்! எந்தக் கணக்கில் சேரும் இது? கொடுமை.

ஆனால் முடிச்சில் காசு வைத்தவர்கள் பெட்டகம் இல்லாதவர்கள் என்பதையும் மறக்க முடியவில்லை. பணக்காரன் வீட்டுக்குக் கன்னக்கோல் வேண்டும். சந்தைக்கு வந்த கூலிக்காரியிடம் இரண்டு விரல் போதும். போவது அவள் வீட்டு அன்றைய அரிசி. அதனால்தான் அந்த வசவில் அவ்வளவு காரம்.

பிறகு உருதுவிலிருந்து ஜேப்பு வந்தது, கூடவே ஜேப்படியும் வந்தது. ‘கேடி’ 2006-இல் படமானது. 2015-இல் ‘நானும் ரௌடிதான்’ என்று கதாநாயகனே சொல்லிக்கொண்டான். முடிச்சவிழ்க்கிக்கு அந்த மினுக்கு வராது. அந்தப் பெயரைச் சொன்னாலே பறிகொடுத்தவளும் கூடவே வந்து நிற்கிறாள். பாட்டி இருக்கும் வீட்டுப் பிள்ளைகளே, அந்த முடிச்சை எப்படிப் போடுவது என்று இப்போதே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.