பினாங்குக் கடலில் ஓர் அங்குல வித்தியாசம்

பினாங்கு என்றதும் நம் தோட்டத்து மக்களுக்கு முதலில் நினைவு வருவது தண்ணீர்மலைக் கோயிலும் தைப்பூசமும்தான். அதற்கடுத்தது பட்டர்வொர்த்திலிருந்து ஏறிய பெர்ரி. 1894-ல் தொடங்கிய சேவை அது. 1985-ல் பாலம் திறந்த பிறகும் அதன் மேல்தட்டில் நின்று காற்று வாங்கிக்கொண்டே அக்கரை போகும் ஆசை நம்மை விடவில்லை. அந்தப் பழைய பெரிய பெர்ரிகள் 2020-ன் கடைசியோடு ஓய்வு பெற்றன. 2023-லிருந்து புதிய பெர்ரிகள் ஓடுகின்றன. அதற்கும் முன்னால், நம் தாத்தா பாட்டிகள் 'ராஜுலா' போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கியதும் இந்தக் கடலில்தான். தீவுக்குப் பக்கத்திலிருக்கும் ஜெரஜாக்கில் எத்தனையோ பேரை நோய்க்காவலில் அடைத்து வைத்திருந்துதான் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள்.

கப்பலையும் பெர்ரியையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது பத்துப் பேர் உட்காரும் சின்னப் படகைப் பற்றி.

ஜார்ஜ் டவுனில் பெங்காலான் வெல்ட் சாலையோரம் சியூ ஜெட்டி, லிம் ஜெட்டி, தான் ஜெட்டி என்று சீனக் குலத்தவர் கடல்மேல் கால் நட்டுக் கட்டிய வீடுகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் அவர்கள் துடுப்புச் சம்பான்களில் கப்பல் சரக்கை ஏற்றி இறக்கிப் பிழைத்தார்கள். இன்று துடுப்பு வலிக்கிற படகைத் தேடித்தான் பார்க்க வேண்டும். படகின் பின்பக்கம் ஒரு இஞ்சின் தொங்குகிறது. மலாய்க்காரர்கள் அதை 'இஞ்சின் சங்குட்' என்கிறார்கள். சங்குட் என்றால் தொங்கவிடுவது, மாட்டுவது. சட்டையை ஆணியில் மாட்டுவது போலப் படகில் மாட்டிய இஞ்சின்! இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு உண்டா?

இந்த இஞ்சினைக் கடைக்குக் கொண்டுவந்து உலகமெங்கும் பரவச் செய்தவர்களில் முதன்மையானவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். ஏரிக்கு அக்கரை போய்த் தம் காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கித் துடுப்பு வலித்துத் திரும்புவதற்குள் அது உருகிப் போயிற்று, அந்த ஆத்திரத்தில்தான் இஞ்சின் யோசனை பிறந்தது என்று கதை சொல்வார்கள். 1909-ல் விற்பனையைத் தொடங்கினார். அந்தக் காதலியையே மணந்துகொண்டார்.

சரி, தெலுக் பாகாங்குக்கு வாருங்கள். ஜெட்டியிலிருந்து 101-ஆம் எண் பேருந்து கடற்கரையை ஒட்டியே வளைந்து வளைந்து அங்கே கொண்டுபோய் விடும். 2003-ல் அமைந்த தேசியப் பூங்கா அங்கேதான். குரங்குக் கடற்கரை, ஆமைகள் முட்டையிடும் பந்தாய் கெராச்சுட், 1883-ல் கட்டிய முக்கா ஹெட் கலங்கரை விளக்கம் எல்லாம் அந்தப் பக்கம். காட்டு வழியே நடந்தும் போகலாம். பாட்டியும் கைக்குழந்தையும் உடனிருந்தால் படகுதான் சௌகரியம்.

படகில் ஏறுமுன் ஒரு நிமிஷம் பின்பக்கத்தைப் பாருங்கள். நம் ஊர்க் கடலோடிகள் படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொல்வார்கள். அமரத்தில் குறுக்கே நிற்கும் பலகையில்தான் இஞ்சினை மாட்டியிருப்பார்கள். அதன் கால் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். காலின் நுனியில் விசிறி, விசிறிக்குச் சற்று மேலே கிடையாக ஒரு தகடு. இந்தத் தகடுதான் அளவுகோல். தகடு படகின் அடிப்பக்கத்துக்கு நேராக இருக்க வேண்டும், அல்லது ஓர் அங்குலம் மேலே இருக்கலாம்.

தகடு மிகவும் கீழே போய்விட்டால் அந்தக் கால் தண்ணீரைத் தடுத்துக்கொண்டே வரும். பெட்ரோல் வீணாகும், படகு நகராது, ஆழமில்லாத இடத்தில் விசிறி மணலில் இடிக்கும். மிகவும் மேலே வந்துவிட்டாலோ, விசிறி தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். அப்போது இஞ்சின் வீறிட்டுக் கத்தும், படகோ நின்ற இடத்திலேயே நிற்பது போலத் தள்ளாடும். சேற்றில் மாட்டிய லாரியின் சக்கரம் சும்மா சுழல்வதைப் பார்த்திருக்கிறீர்களே, அதே கதைதான். அதைவிட ஆபத்து வேறொன்று இருக்கிறது. இஞ்சின் தன் சூட்டைத் தணிக்கக் கடல் தண்ணீரைத்தான் உறிஞ்சுகிறது. உறிஞ்சும் துளை மேலே வந்துவிட்டால் இஞ்சின் வெந்து போகும். இஞ்சின் ஓடும்போது அதன் பக்கத்திலிருந்து மெல்லிய நீர்த்தாரை ஒன்று பீச்சிக்கொண்டே இருக்கும். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனபோது, "சார், இஞ்சின் ஒண்ணுக்குப் போகுது!" என்று ஒருவன் கத்த, படகே சிரித்தது. படகோட்டி மட்டும் சிரிக்காமல் தலையை ஆட்டினார். அந்தத் தாரை நின்றால் இஞ்சினை நிறுத்தியாக வேண்டும்.

உயரத்தை மாற்றுவது பெரிய வித்தையல்ல. சின்ன இஞ்சினுக்குப் பலகையின் மேல் ஒரு கட்டையை வைத்து ஏற்றி மாட்டுவார்கள். பெரிய இஞ்சினுக்கு முக்கால் அங்குல இடைவெளியில் துளைகள் இருக்கும், ஒரு துளை மேலே அல்லது கீழே மாற்றி முடுக்குவார்கள். நல்ல படகோட்டி ஒரு தடவை மாட்டிவிட்டுச் சும்மா இருப்பதில்லை. ஓட்டிப் பார்த்து, காதால் கேட்டு, மறுபடி மாற்றுவார். உளியை எவ்வளவு ஆழம் இறக்குவது என்று மரம் வெட்டுகிறவர் கை அறிவது போலத்தான் இதுவும். கொஞ்சம் குறைந்தால் பால் வராது, கொஞ்சம் கூடினால் மரத்துக்குக் காயம்.

இரண்டாவது சங்கதி சாய்வு. இஞ்சின் கால் பலகையை ஒட்டி நிற்க வேண்டுமா, தள்ளி நிற்க வேண்டுமா என்பதை ஒரு முள்ளாணி தீர்மானிக்கிறது. இப்போது பெரிய இஞ்சின்களில் பொத்தானை அழுத்தினாலே போதும். கால் உள்ளே ஒட்டியிருந்தால் அமரம் உயர்ந்து அணியம் தாழும். எதிர் அலையை வெட்டிப் போக இது நல்லது. அளவு மீறினால் மூக்கைத் தண்ணீரில் குத்திக்கொண்டு ஓடும், திருப்புவதற்குக் கை வலிக்கும். கால் வெளியே தள்ளியிருந்தால் அணியம் எழும்பும். பின்னாலிருந்து அலை தள்ளும்போது கொஞ்சம் எழும்பினால்தான் முன்னலையில் முட்டாது. அதுவும் மிஞ்சினால் படகு தவளை போலத் தத்தித் தத்திக் குதிக்கும். பாட்டியின் முதுகெலும்பைக் கேட்டால் தெரியும்!

இத்தனையும் சரியாக வைத்துக்கொண்டு படகோட்டி காத்திருக்கிறார். நாம் என்ன செய்கிறோம்? எல்லாரும் பின்னால் போய் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொள்கிறோம். சைக்கிளின் பின்னால் இரண்டு பால் டின்களைக் கட்டி ஏற்றத்தில் மிதித்தவர்களுக்குத் தெரியும், முன்சக்கரம் எப்படித் தூக்கிக்கொள்ளும் என்று. அமரம் தாழ்ந்த படகு வேகத்தைச் சட்டென்று குறைத்தால், அது எழுப்பிய அலையே பின்னால் ஓடிவந்து பலகைக்கு மேலேறி உள்ளே விழும். படம் எடுக்க எல்லாரும் முன்னால் ஓடினாலோ, அமரம் தூக்கி விசிறி காற்றை இழுக்கும். பாறைக்கருகே அப்படி நடந்தால் படகைத் திருப்ப முடியாது.

ஆகையால் படகோட்டி "டுடுக் டெபான்" என்று சொல்லி உங்களை முன்னால் போகச் சொன்னால், நம்மை ஏதோ மட்டமாக நினைத்துவிட்டார் என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். அவர் அதிகாரம் செய்யவில்லை, இஞ்சினுக்கு இடம் கொடுக்கிறார். ஆளுக்கொரு மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், குழந்தைக்குக் குழந்தை அளவில் கேளுங்கள். இல்லை என்றால் அந்தப் படகு வேண்டாம். சொன்ன எண்ணிக்கைக்கு மேல் "ஒரு ஆள்தானே" என்று ஏற்றச் சொல்லும் பழக்கம் நம்மிடம்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். கடலில் அந்த ஒரு ஆள் ஓர் அங்குலம்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரையான மாதங்களில் சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் திடீர்க் காற்றும் மழையும் வரும். வானம் மேற்கே கறுத்திருந்தால் காப்பி குடித்துக்கொண்டு காத்திருங்கள். திரும்பும்போது கடல் வற்றியிருக்கலாம். அப்போது படகோட்டி இஞ்சினைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கழியால் தள்ளிக் கரை சேர்ப்பார். செருப்பைக் கையிலெடுத்து, வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் இறங்கத் தயாராக இருங்கள். பாட்டியை மட்டும் இருவர் தாங்கிப் பிடித்து இறக்குங்கள், அடியில் சேறு வழுக்கும்.