ஷோபெனுக்கு நோட்டு, அன்னமய்யாவுக்கு ரெக்கார்டு

வார்சாவில் தெருவோரம் சில கறுப்புக் கல் பெஞ்சுகள் உண்டு. பட்டனை அமுக்கினால் ஷோபெனின் பியானோ இசை கேட்கும்படி அமைத்தவை. அவருடைய 200-ஆவது பிறந்த ஆண்டான 2010-ல் வைத்தார்கள். இந்த ஊருக்கு வந்த புதிதில் அதைப் பார்த்து, "அட, நம்ம திருப்பதி மாதிரியே!" என்று நினைத்துக்கொண்டேன். அலிபிரியிலிருந்து மலையேறும்போது ஒலிபெருக்கியில் அன்னமய்யா கூடவே வருவாரே, அந்த மாதிரி. இங்கே ஷோபென், அங்கே அன்னமய்யா. சித்தூர்க்காரனுக்கு வேறென்ன தோன்றும்? :-)

ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அது எங்கள் வீட்டில் ஒரு சின்ன சண்டையால்தான் புரிந்தது.

என் பெண் ஆன்லைனில் பாட்டு கற்றுக்கொள்கிறாள். டீச்சர் 'அதிவோ அல்லதிவோ' சொல்லிக்கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சித்தூருக்கு வீடியோ கால் போட்டபோது பாட்டிக்குப் பாடிக் காட்டினாள். அம்மா முழுசாகக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு கண்ணு, ஆனா மெட்டு இது இல்லையே" என்று சொல்லி, தங்கள் பஜனை கோஷ்டியில் பாடுகிற மெட்டில் பாடினார். குழந்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. தங்கமணி நடுவில் புகுந்து, 1997-ல் வந்த 'அன்னமய்யா' படத்தில் எஸ்.பி.பி. பாடியது மூன்றாவது தினுசு என்றாள். "அப்பா, இதுல எதுப்பா ஒரிஜினல்?" என்று என்னிடம் வந்து நின்றாள் பெண்.

மூன்றுமே இல்லை என்பதுதான் பதில்.

அன்னமாச்சாரியார் 1408-ல் பிறந்து 1503-ல் மறைந்தவர். 32,000 கீர்த்தனைகள் பாடினார் என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு. அதில் பாதிக்கும் குறைவாகத்தான் இன்று கிடைக்கிறது. அவையும் தப்பியது செப்புப் பட்டயங்களால். 2,000-க்கும் மேற்பட்ட பட்டயங்கள், திருமலைக் கோயிலுக்குள் சங்கீர்த்தன பண்டாரம் என்ற சின்ன அறையில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்தன. அவற்றில் சாகித்யம் இருக்கிறது. பாட்டுக்கு மேலே ராகத்தின் பெயர் இருக்கிறது. பௌளி, பாடி, சாமந்தம், தேசாட்சி, குண்டக்கிரியா என்று இன்றைய கச்சேரிகளில் அபூர்வமாகிவிட்ட ராகங்களும் அதில் உண்டு. ஆனால் ஸ்வரக் குறிப்பு கிடையாது. அவர் எப்படிப் பாடினார் என்பது அவரோடும் அவர் பரம்பரையோடும் போய்விட்டது.

ஷோபென் கதை வேறு. அவர் இறந்தது 1849-ல். எடிசன் ஃபோனோகிராஃப் கண்டுபிடித்தது 1877-ல். அவர் வாசித்ததை இன்று உயிரோடு இருக்கும் யாரும் கேட்டதில்லை. ஆனாலும் நோட்டு இருக்கிறது. பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்து பதிப்புகளுக்குள் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டுதான். யான் எகியர் என்ற பியானோக்காரர் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து அதையெல்லாம் ஒப்பிட்டு தேசியப் பதிப்பு கொண்டுவந்தார். ரூபின்ஸ்டைன் ரெக்கார்டு, ஜிமர்மன் ரெக்கார்டு எல்லாமே அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டுகிறவை. பிடிக்காவிட்டால் காகிதத்துக்கே திரும்பிப் போகலாம்.

நமக்குத் திரும்பிப் போகக் காகிதம் இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா பட்டயத்திலிருந்த பாட்டுகளைப் பதிப்பித்ததோடு, நூற்றுச் சொச்சத்துக்கு மெட்டும் போட்டார். பிறகு நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி. 1978-ல் தேவஸ்தானம் அன்னமாச்சார்யா ப்ராஜெக்ட் ஆரம்பித்தது. அதில் சேர்ந்த கரிமெல்ல பாலகிருஷ்ண பிரசாத் 600-க்கும் மேற்பட்ட பாட்டுகளுக்கு இசையமைத்தார். 2025 மார்ச்சில்தான் திருப்பதியில் காலமானார்.

அதே காலகட்டத்தில் தேவஸ்தானத்துக்காக எம்.எஸ். பாடிய 'பாலாஜி பஞ்சரத்னமாலா' ஐந்து எல்.பி. தட்டுகளாக வந்தது. நம்மில் பலருக்கு அன்னமய்யா அறிமுகமானது அந்த வரிசையில்தான். அதில் வரும் 'நானாட்டி ப்ரதுகு' ரேவதி ராகத்தில் நம்மை உருக்குகிறதே, அந்த மெட்டு நேதுனூரியுடையது. சொல்லுக்கு 500 வயசு, மெட்டுக்கு நம் வயசு! நமக்கு அந்தத் தட்டுதான் நோட்டு.

சொல் ஒருவருடையது, மெட்டு வேறொருவருடையது என்பதில் குறை ஒன்றும் இல்லை. அதற்கும் போலந்திலேயே உதாரணம் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜகோபானே ஊரில் கெஸ்டபோ சிறைச் சுவரில் 18 வயதுப் பெண் ஒருத்தி ஒரு பிரார்த்தனையைக் கிறுக்கி வைத்தாள். குரெட்ஸ்கி என்ற போலந்து இசையமைப்பாளர் 1976-ல் எழுதிய மூன்றாவது சிம்பொனியில் அந்த வரிகளுக்கு இசை போட்டார். பதினைந்து வருஷம் அதைப் பெரிதாக யாரும் சீண்டவில்லை. 1992-ல் டான் அப்ஷா பாடிய ரெக்கார்டு வந்தது, பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. சுவரில் இருந்தாலும் செம்பில் இருந்தாலும், சொல் இன்னொருவர் குரலுக்காகக் காத்திருக்கிறது.

எனக்கு உறைத்தது வேறு விஷயம். டீச்சர் சொல்லிக்கொடுத்த மெட்டு யூடியூபில் இருக்கிறது. எஸ்.பி.பி. பாடியதும் இருக்கிறது. அம்மாவின் பஜனை கோஷ்டி மெட்டு எங்கேயும் இல்லை. அதைப் பாடுகிறவர்களில் இப்போது மிச்சம் நாலைந்து பேர், எல்லோருக்கும் எழுபதுக்கு மேல்.

ரெக்கார்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் ஊர்ப்பக்கத்து சங்கீதத்திலேயே தெரியும். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் (1898–1975) குரலை இன்றும் பழைய தட்டுகளில் கேட்கலாம். அவருடைய குரு காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை எப்பேர்ப்பட்ட லயப்புலி என்று கதை கதையாகச் சொல்வார்கள். அவர் குரல் தட்டில் இல்லை. கதை மட்டும்தான் மிச்சம்.

அதனால் பெண்ணுக்கு இரண்டு வேலை கொடுத்தேன். ஒன்று, இனி மேடையில் பாடும்போது இயற்றியவர் பேரோடு, தெரிந்தவரை மெட்டமைத்தவர் பேரையும் சொல்ல வேண்டும். இரண்டு, வாரம் ஒரு பாட்டு பாட்டியைப் பாடச் சொல்லி ரெக்கார்டு பண்ண வேண்டும். பாட்டு, தேதி, யாரிடம் கற்றது என்பதை முதலில் பாட்டியே வாயால் சொல்லிவிட வேண்டும்.

இதுவரை ஒன்பது பாட்டு ஆகியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மெட்டு இருக்கும். இந்த வாரம் ஊருக்கு ஃபோன் பண்ணும்போது கேட்டுப் பாருங்கள். "எனக்கு எங்க குரல் இருக்கு இப்போ" என்றுதான் ஆரம்பிப்பார்கள். விடாதீர்கள்.