பழைய ஜீப்பும் பெரிய டயரும்

எம்மிடமுள்ள பழைய வில்லிஸ் ஜீப், 1953-இல் அமெரிக்காவில் தோன்றிய சிஜே-3பி வகையினது. நெட்டையான எஞ்சினுக்கு இடந்தர மூடியை உயர்த்தியமையால் மேடிட்ட நெற்றியுடையது.

தாண்டிக்குடி மலையின் காப்பித் தோட்டக் கற்பாதைக்கென, 2018 கோடை விடுமுறையில், அதற்குரிய 6.00-16 டயர்களைக் கழற்றிப் பெரிய 7.00-16 டயர்களைப் பூட்டினோம். தோற்றம் கம்பீரமே, யாமும் சற்றுச் செருக்குற்றோம். ஏற்றத்திலேயே எஞ்சின் திணறிற்று. இறக்கத்திலோ உண்மை விளங்கிற்று: சக்கரம் பெருத்தால் ஒரு சுற்றுக்கு வண்டி மிகுதூரம் ஓடும், தாழ்ந்த கியரில் எஞ்சின் இழுத்துப் பிடிக்கும் வலிமை குறையும், சிறிய டிரம் பிரேக்குக்குச் சுமை மிகும். பிரேக் சூடேறி மிதி தாழ்ந்தது. பின்னிருந்த தம்பி வாய்திறவாது கம்பியைப் பற்றிக்கொண்டான். மலைச்சரிவின் மண்திட்டில் வண்டியை உரசி நிறுத்தினோம்.

மறுவாரமே பழைய அளவு டயர்களைப் பூட்டி, பிரேக் லைனிங்கைப் புதுப்பித்தோம், வேறொன்றும் மாற்றினோமில்லை. பெரிய டயர்கள் மாட்டுக்கொட்டிலில் கிடக்கின்றன. அவற்றுள் கோழிகள் அடைகாக்கின்றன.