வலது சூலகம், 7.8 சென்டிமீட்டர்

ஜூன் 9, கும்பகோணம்

ஏழாவது வாரம். ஸ்கேன் எடுக்கும் முன் படிவம் எஃப்-ல் கையெழுத்து வாங்கினார்கள். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டேன் என்ற உறுதிமொழி. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது. குடித்த தண்ணீரெல்லாம் அடிவயிற்றில் முட்டிக்கொண்டு நிற்க, அவசரமாகப் போட்ட கையெழுத்து அது.

இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். நீளம் ஒரு சென்டிமீட்டர். அதைச் சொன்ன டாக்டர் கருவியை வலப்பக்கம் நகர்த்தினார். அங்கேயே நிறுத்தினார். அழுத்தினார், அளந்தார், மறுபடி அளந்தார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே வந்து அறிக்கையைப் படித்தேன். வலது சூலகத்தில் 7.8 × 6.5 சென்டிமீட்டர் கட்டி. உள்ளே தெளிந்த நீர் இல்லை, கலங்கலாக இருக்கிறது. ரத்தம் கசிந்த கார்பஸ் லூட்டியமாக இருக்கலாம், டெர்மாய்டாகவும் இருக்கலாம், மறு ஸ்கேன் அவசியம். குழந்தையைவிட ஏழு மடங்குக்கு மேல் பெரிய ஒன்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. இத்தனை நாளும் ஒரு சின்ன வலிகூட இல்லை.

வழக்கமாகப் பார்க்கும் மருத்துவமனையில் காட்டினோம். "இந்த வாரமே எடுத்துடலாம்" என்றார்கள். கரு என்னவாகும் என்று கேட்டதற்கு, "அதப் பாத்துக்கலாம்மா" என்று பதில் வந்தது. பார்த்துக்கொள்வது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. கணவர் அங்கேயே நின்றபடி தஞ்சாவூருக்குப் போன் போட்டு, இன்னொரு டாக்டரிடம் நேரம் வாங்கினார்.

ஜூன் 11, தஞ்சாவூர்

டாக்டரம்மா அறுபதைத் தாண்டியவர். அறிக்கையைப் படிக்காமல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"என்ன வேலைம்மா பாக்கறீங்க?"

"ஸ்கூல்ல டீச்சர். பிளஸ் டூ விலங்கியல்."

"அப்ப எனக்குப் பாதி வேலை மிச்சம்."

முட்டை வெளியேறிய இடத்தில் சூலகத்தில் உருவாகும் மஞ்சள் நிறத் திசுதான் கார்பஸ் லூட்டியம். கரு தங்கிவிட்டால் அது சுருங்காமல் நின்று புரோஜெஸ்டிரானைச் சுரக்கிறது. நஞ்சுக்கொடி வளர்ந்து அந்த வேலையை ஏற்கும் வரை, ஏறக்குறைய எட்டிலிருந்து பத்து வாரம் வரை, கர்ப்பத்தைத் தாங்குவது அதுதான். சில சமயம் அதற்குள் நீரோ ரத்தமோ கோத்துப் பெரிதாகிவிடும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் தென்படும் கட்டிகளில் பெரும்பாலானவை இந்த வகை. பெரும்பாலும் பதினாறாவது வாரத்துக்குள் தானாகவே கரைந்துவிடும்.

இதையெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். 1929-இல் கார்னர், ஆலன் என்ற இரு அமெரிக்கர்கள் கருவுற்ற முயல்களின் சூலகங்களை அகற்றிவிட்டு, மஞ்சள் திசுவின் சாற்றை ஊசியில் ஏற்றியே கர்ப்பத்தைக் காப்பாற்றினார்கள் என்பதும் தெரியும். ஆனால் ஏழாவது வாரத்தில் கத்தி வைத்தால் கர்ப்பத்தைத் தாங்கும் திசுவும் சேர்ந்து போகலாம் என்பதை என் வயிற்றுக்குப் பொருத்திச் சொல்ல இவர் தேவைப்பட்டார்.

"அவசரமா எடுக்க வேண்டிய காரணம் இப்ப ஒண்ணும் இல்ல. பன்னெண்டு, பதிமூணு வாரத்துல மறுபடி பாப்போம். ஆனா ஒண்ணு மட்டும் மறக்கக் கூடாது."

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். சூலகம் ஒரு காம்பில் தொங்குகிறது. கட்டியின் கனத்தால் அது சுழன்றால், ஈரத்துணியைப் பிழிவதுபோல் காம்பு முறுக்கிக்கொள்ளும்; ரத்த ஓட்டம் நின்றுவிடும். இடப்பக்கம் பெருங்குடல் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் வலப்பக்கத்தில்தான் இது அதிகம் நடக்கிறது. வாந்தி மட்டும் வந்தால் மசக்கை. லேசான இழுப்பு மட்டும் என்றால் படுத்து ஓய்வெடுக்கலாம். ஒரு பக்கம் திடீரென்று சுருட்டிப் பிடிக்கும் வலி, கூடவே வாந்தி என்றால் எந்த நேரமானாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும். சீட்டைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

ஜூன் 22

விஷயம் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. சித்தி ஒரு டப்பா கழற்சிக்காய்ப் பொடியோடு வந்துவிட்டார். அவர் மகளுக்கு பிசிஓடி சரியானது அதனால்தானாம். பிசிஓடியில் இருப்பவை முழுதாக வளராமல் நின்ற சின்னச் சின்ன முட்டைப் பைகள், ஹார்மோன் சம்பந்தப்பட்டது. எனக்கு இருப்பது தனியான ஒரு பெரிய கட்டி. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றால் சித்தி கேட்பதாக இல்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "கர்ப்பமா இருக்கறப்ப எந்தப் பொடியும் வேண்டாம், லேகியமும் வேண்டாம்" என்று அவரே சொன்னபிறகு டப்பா பையோடு திரும்பிப் போனது.

அத்தை திருக்கருகாவூர் போய் கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் வைத்த விளக்கெண்ணெய் வாங்கி வந்திருக்கிறார். வயிற்றில் மேலாகத் தடவ வேண்டியது. டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, "தடவிக்கோங்க, அழுத்தித் தேய்க்க மட்டும் கூடாது" என்றார். இரவில் அத்தையே தடவிவிடுகிறார். பேசுவதில்லை. வலப்பக்கம் வரும்போது அவர் கை இலேசாவது தெரிகிறது.

ஜூலை 16

பன்னிரண்டு வாரம் முடிந்தது. குழந்தையின் கழுத்துப் பின்புறத்தை அளக்கும் ஸ்கேன் நல்லபடியாக வந்தது. கட்டி கரையவில்லை. இப்போது 8.4. உள்ளே கொழுப்பும் முடியும் இருப்பதற்கான வெண்கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன என்றார்கள். சந்தேகம் தீர எம்ஆர்ஐயும் எடுத்தாயிற்று. அதில் கதிர்வீச்சு கிடையாது. நிறமூட்டும் ஊசி மட்டும் கர்ப்பத்தில் போட மாட்டார்கள்.

டெர்மாய்டுதான்.

வீட்டில் விளக்கம் சொல்லும் வேலை என்னுடையது. "உள்ள முடி இருக்கும், பல்கூட இருக்கலாம்" என்றதும் அத்தைக்கு முகம் மாறிவிட்டது. "அப்ப அது ரெட்டப் புள்ளையில ஒண்ணாடி?" அம்மாவும் மன்னார்குடியிலிருந்து போனில் அதையேதான் கேட்டாள். இல்லை. சூலகத்தின் முட்டைச் செல் ஒன்று, விந்தணு எதுவும் சேராமலே தானாகப் பிரியத் தொடங்குகிறது. முட்டைச் செல்லுக்குத் தோல், முடி, கொழுப்பு, பல் எல்லாவற்றையும் உண்டாக்கும் திறன் உண்டு. ஒழுங்கில்லாமல் அவற்றைச் செய்து ஒரு பைக்குள் அடைத்து வைக்கிறது. அதற்கு உயிரும் இல்லை, இந்தக் கர்ப்பத்தோடு தொடர்பும் இல்லை. மிக மெதுவாக வளரக்கூடியது என்பதால் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருந்திருக்க வேண்டும். குழந்தைக்காக ஸ்கேன் எடுக்கப் போயிராவிட்டால் இன்னும் பல வருடம் எனக்குத் தெரிந்திருக்காது.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாமி புண்ணியத்துல அதுக்கு உசுரு இல்லியே" என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 24

எடுப்பதா, விடுவதா? டாக்டரம்மா இரண்டு பக்கத்தையும் சொன்னார்.

விட்டால்: பெரும்பாலும் ஒன்றும் ஆகாமல் பிரசவம் முடிந்துவிடலாம். ஆனால் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறது. கர்ப்பப்பை மேலே ஏறும்போதும், பிரசவம் முடிந்து சட்டென்று சுருங்கும்போதும் முறுக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். இடுப்பெலும்புக்குள் சிக்கினால் குழந்தை இறங்கும் வழியையே அடைக்கலாம். நடுராத்திரியில் அவசரமாகச் செய்யும் ஆபரேஷனில் சூலகத்தையே எடுக்க நேரலாம்.

எடுத்தால்: மயக்க மருந்து, தையல், கர்ப்பப்பை சுருங்கிவிடுமோ என்ற பயம். இவற்றுக்கெல்லாம் குறைந்த ஆபத்துள்ள காலம் பதினான்கு வாரத்திலிருந்து இருபது வாரம் வரை. குழந்தையின் உறுப்புகள் உருவாகி முடிந்திருக்கும். நஞ்சுக்கொடி புரோஜெஸ்டிரான் பொறுப்பை ஏற்றிருக்கும். கர்ப்பப்பை இன்னும் வயிற்றை முழுக்க அடைத்திருக்காது.

புற்றுநோயாக இருக்குமோ என்று கணவர்தான் கேட்டார். என்னால் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. கர்ப்பத்தில் காணும் கட்டிகளில் மிகச் சிலவே அப்படி, இந்தப் படங்களில் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை என்றார் டாக்டரம்மா. சிஏ 125 ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்டோம். கர்ப்பமே அந்த அளவை ஏற்றிக் காட்டும். வீண் பயம்தான் மிஞ்சும் என்று மறுத்துவிட்டார்.

எடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். முதலில் காட்டிய மருத்துவமனையில் ஏழாவது வாரத்தில் எடுக்கச் சொன்னதும் இதே கட்டியைத்தான். அன்று அது சரியில்லை, இன்று சரி. கட்டி மாறவில்லை, வாரம்தான் மாறியிருக்கிறது.

ஆகஸ்ட் 11 என்று தேதி குறித்ததும் அத்தை குறுக்கே வந்தார். "ஆடியிலயா வயித்தக் கிழிக்கறது? ஆவணி பொறக்கட்டும்." நான் வாதாடத் தயாரானேன். டாக்டரம்மா காலண்டரைப் புரட்டிவிட்டு, "பதினேழாவது வாரம்தானே, செய்யலாம். ஆனா அதுக்குள்ள வலி வந்துச்சுன்னா ஆடி, ஆவணில்லாம் பாக்க மாட்டேன்" என்றார். அத்தை தலையாட்டினார்.

ஆகஸ்ட் 5

தூக்கம் வரவில்லை. சூலகக் கட்டியை வயிற்றைத் திறந்து எடுத்த முதல் ஆபரேஷனைப் பற்றி ஒரு பழைய மருத்துவ வரலாற்று நூலில் படித்துக்கொண்டிருந்தேன். 1809 டிசம்பர். அமெரிக்காவில் கென்டகி மாநிலத்தின் டான்வில் ஊர். ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற பெண்ணின் வயிறு பெரிதாகிக்கொண்டே போக, நாள் தள்ளிப்போன இரட்டைக் கர்ப்பம் என்று உள்ளூர் மருத்துவர்கள் நினைத்தார்கள். எஃப்ராயிம் மெக்டவல் என்பவர் பரிசோதித்து, கர்ப்பமில்லை, சூலகக் கட்டி என்றார். வயிற்றைத் திறந்து அதை எடுத்தவர் அதுவரை யாருமில்லை, பிழைப்பது உறுதியில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவள் சம்மதித்தாள். அறுபது மைல் குதிரையில் வந்தாள். ஈதர் மயக்க மருந்து பரவலானது 1846-க்குப் பிறகுதான். மெக்டவல் அவளுக்குச் சுயநினைவு இருக்கும்போதே வயிற்றைத் திறந்து, ஏறக்குறைய பத்து கிலோ கட்டியை இருபத்தைந்து நிமிடத்தில் எடுத்தார். அவள் அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தாள்.

கட்டியைக் கர்ப்பம் என்று நினைத்த காலம் அது. இரண்டையும் தனித்தனியே பார்த்து, தனித்தனியே அளந்து சொல்ல எனக்கு ஒரு ஸ்கேன் இருக்கிறது. அவளுக்கு இருந்ததில் என்னிடம் இல்லாதது தைரியம் மட்டும்தான்.

ஆகஸ்ட் 24

ஆபரேஷன் முடிந்து நான்கு நாளாகிறது. உட்கார்ந்து எழுத முடிகிறது.

லேப்ராஸ்கோப்பி. கர்ப்பப்பைமேல் படாமலிருக்க, துளைகளை வழக்கத்தைவிட மேலே போட்டார்களாம். கட்டி உடைந்து உள்ளிருக்கும் கொழுப்பு வயிற்றில் சிந்தினால் புண்ணாகிவிடும் என்பதால், அதைச் சூலகத்திலிருந்து உரித்து ஒரு பைக்குள் போட்டு வெளியே எடுத்திருக்கிறார்கள். சூலகம் தப்பித்தது. டெர்மாய்டு பத்தில் ஒருவருக்கு இரண்டு பக்கமும் வருமாம். இடப்பக்கத்தையும் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. மயக்கம் தெளிந்ததும் நர்ஸம்மா கருவியை வயிற்றில் வைத்து இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார்.

நடுவில் "அட்டெண்டர் யாரு, வாங்க" என்று கணவரைக் கூப்பிட்டு, கட்டியைத் தட்டில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். மஞ்சள் கொழுப்பு, நீளமான கருப்பு முடிச்சுருள், கடினமாக ஒரு வெள்ளைத் துண்டு. "பல்லேதான்" என்கிறார். இரண்டு நாளாகச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே எழுந்து போய்விடுகிறார். மசக்கை இப்போது அவருக்கு.

செப்டம்பர் 12

பயாப்ஸி முடிவு: முதிர்ந்த டெர்மாய்டு, புற்றுநோய் இல்லை. இருபதாவது வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனும் முடிந்தது. குறை எதுவும் இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்குத் திரும்புகிறேன்.

நேற்று பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியை போன் செய்தாள். அவள் தங்கைக்கு எட்டாவது வாரம், ஸ்கேனில் நான்கு சென்டிமீட்டர் நீர்க்கட்டி, வீடே அழுகிறதாம். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன். இதைப் படிப்பவர் நாளை அந்த அறிக்கையைக் கையில் வைத்திருக்கலாம்.

அழுவதற்கு முன் டாக்டரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். கட்டி எத்தனை சென்டிமீட்டர்? உள்ளே தெளிந்த நீரா, வேறு ஏதாவதா? மறு ஸ்கேன் எந்த வாரம்? எந்த வலிக்கு உடனே வர வேண்டும்? தெளிந்த நீருள்ள சிறிய கட்டி என்றால் பெரும்பாலும் அடுத்த ஸ்கேனுக்குள் காணாமல் போயிருக்கும். எடுக்கச் சொன்னால், ஏன் இந்த வாரத்திலேயே என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். ஆனால் ஒரு பக்கம் பிடிக்கும் வலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் யாரையும் கேட்க வேண்டாம், விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். கிளம்பிவிடுங்கள்.