பத்தாயிரமா, நாப்பதாயிரமா? - லாரிக்கு ஆயில் மாத்தற கதை

சங்ககிரி பக்கம் டீக்கடைல உட்கார்ந்து அரசியல் பேசினா நாலு பேர்தான் சண்டைக்கு வருவாங்க. "லாரிக்கு எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா ஆயில் மாத்தணும்"னு கேட்டுப் பாருங்க, கடையே ரெண்டா பிரியும். ஓனர் ஒண்ணு சொல்லுவார், டிரைவர் ஒண்ணு சொல்லுவார், பட்டறை மேஸ்திரி ரெண்டு பேரையும் பார்த்து சிரிப்பார். இந்தப் பதிவு அந்த சண்டையைப் பத்தினதுதான். லாரி பிடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

எங்க வீட்டுல ரெண்டு வண்டி. ரெண்டுமே பிஎஸ்-6, ஒரே மாடல், ஒரே இன்ஜின். ஒண்ணு வடக்க டெல்லி வரைக்கும் லைன் ஓடுது, போக வர சுமார் 4,800 கிலோமீட்டர். இன்னொண்ணு இங்கேயே குவாரி, கிரஷர், ஜல்லி, எம்-சாண்ட்னு சுத்துது. ரெண்டுக்கும் கடன் இருக்கு. கம்பெனி புத்தகத்துல ஆயில் மாத்த 40,000 கி.மீ.ன்னு போட்டிருக்கு. அப்பா 10,000-ங்கறார். முப்பது வருஷமா லாரி வெச்சிருக்கற மனுஷன், அவர்கிட்ட புத்தகத்தைக் காட்டினா, "புஸ்தகம் எழுதினவன் டியூ கட்டுவானா கண்ணு?"ன்னு கேட்டார். பதில் இல்லை.

இது வெறும் வீம்பு இல்லை, காசு. எங்க வண்டிக்கு ஒரு தடவை ஆயில் மாத்தினா ஆயிலும் ஃபில்டருமா சேர்த்து பத்தாயிரம் ரூபாய் கிட்ட வருது. லைன் வண்டி வருஷத்துக்கு லட்சம் கிலோமீட்டர் ஓடுது. அப்பா கணக்குப்படி வருஷத்துக்குப் பத்து தடவை, ஒரு லட்சம். புத்தகப்படி இருபத்தஞ்சாயிரம். மீதி எழுபத்தஞ்சாயிரம்கிறது எங்களுக்கு ஒரு மாச டியூவுக்கு மேல. அதே சமயம் அதை மிச்சம் பிடிக்கப் போய் இன்ஜின் போயிடுச்சுன்னா லட்சக்கணக்குல செலவு, வண்டி பட்டறைல நிக்கற நாளெல்லாம் வட்டி. ரெண்டு பக்கமும் பயம் நியாயமானதுதான்.

முதல்ல அப்பா பக்க நியாயத்தைச் சொல்லிடறேன். அவர் லாரி ஓட்டின காலத்துல டீசல்ல கந்தகம் அதிகம். 2005-ல நாடு முழுக்க பிஎஸ்-2 வந்தப்பவே 500 பிபிஎம் வரை இருக்கலாம்னுதான் விதி. அதுக்கு முன்னாடி இன்னும் பல மடங்கு. கந்தகம் எரிஞ்சா, தண்ணி ஆவியோட சேர்ந்து கந்தக அமிலம் ஆகும். லைனரை, பேரிங்கை அரிக்கும். அந்த அமிலத்தை முறிக்கத்தான் ஆயில்ல காரச்சத்து சேர்க்கறாங்க. அமிலம் வர வர அந்தச் சத்து தீர்ந்துக்கிட்டே போகும், தீர்ந்தா ஆயில் வெறும் எண்ணெய்தான். ஆக, அன்னிக்கு சீக்கிரம் மாத்தினது சரியான வேலை. அந்தப் பழக்கம் அவருக்கு வண்டியைக் காப்பாத்திக் குடுத்திருக்கு, எங்களுக்கு சோறும் போட்டிருக்கு.

2020 ஏப்ரல்ல இருந்து வர்ற பிஎஸ்-6 டீசல்ல கந்தகம் 10 பிபிஎம்-தான். ஆயிலைத் தின்ன பெரிய எதிரி கிட்டத்தட்ட காலி. ஆயிலும் மாறிடுச்சு. அடிப்படை எண்ணெயே சுத்தமானது, சூட்டுல சீக்கிரம் கெட்டியாகாது. புத்தகத்துல 40,000 எழுதினவங்க ஒண்ணும் கஞ்சா அடிச்சுட்டு எழுதலை.

ஆனா புது இன்ஜினுக்குப் புதுத் தொல்லைகள் உண்டு. ஒண்ணு, பழைய இன்ஜின் ஆயில் குடிக்கும். டிரைவர் வாராவாரம் கேஜ் கம்பியை இழுத்துப் பார்த்து ஒரு லிட்டர் ரெண்டு லிட்டர் ஊத்துவார். அப்படி ஊத்த ஊத்த புது ஆயிலோட சத்தும் உள்ள போயிக்கிட்டே இருக்கும். இப்ப வர்ற இன்ஜின் அவ்வளவா குடிக்கறதில்லை. நல்ல விஷயம்தான், ஆனா அதே ஆயில்தான் கடைசி வரைக்கும் ஒத்தையா போராடணும்.

இன்னொண்ணு சைலன்சர்ல இருக்கற கரி வடிகட்டி. டிபிஎஃப்-ன்னு சொல்றாங்களே, அதான். அதுல சேர்ற கரியை அப்பப்ப சூடு பண்ணி எரிச்சுத் தள்ளும். சில இன்ஜின்கள்ல அந்த சூட்டுக்காக சிலிண்டருக்குள்ளயே கொஞ்சம் டீசலைக் கடைசி நேரத்துல பீய்ச்சுவாங்க. அதுல ஒரு பங்கு லைனர் சுவர் வழியா கீழ சேம்பருக்கு இறங்கிடும். எரிஞ்சு முடியறதுக்குள்ள நம்ம ஆளு வண்டியை ஆஃப் பண்ணிட்டா, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும், மறுபடி டீசல். அதனால டிரைவர் அண்ணன்கிட்ட நான் சொல்றது இதுதான்: "ஆயில் குறைஞ்சா சொல்லுங்கண்ணா, ஏறினா உடனே சொல்லுங்க." கேஜ் கம்பில ஆயில் மட்டம் ஏறுதுன்னா டீசலோ கூலன்ட்டோ கலக்குதுன்னு அர்த்தம். ஆயில் தண்ணியா போச்சுன்னா பேரிங் அடி வாங்கும். பழைய டிரைவர்கள் பலர் மட்டம் ஏறினா "பரவாயில்ல, ஆயில் இருக்கு"ன்னு விட்டுடறாங்க.

இங்க ஒரு முக்கியமான சமாச்சாரம். "அடிக்கடி மாத்தறோம்ல, அதனால விலை கம்மி ஆயிலே போதும்"னு ஒரு கணக்கு நம்ம ஊர்ல ரொம்ப பிரபலம். பேரல்ல இருந்து லூஸ்ல வாங்கி ஊத்தறது. பழைய வண்டிக்கு அது ஓடிச்சு. பிஎஸ்-6-க்கு ஓடாது. ஆயில்ல இருக்கற உலோகச் சத்துகள் எரிஞ்சா சாம்பல் மிஞ்சும். கரி எரிஞ்சு போயிடும், சாம்பல் எரியாது. அது வடிகட்டியிலேயே தங்கி தங்கி அடைச்சிடும். அதனாலதான் சாம்பல் குறைவான ஆயில், சிகே-4 மாதிரி தரம் புத்தகத்துல போட்டிருக்கும் (வண்டிக்கு வண்டி மாறும், கம்பெனி தர எண்ணையும் சேர்த்துப் பாருங்க). சித்தப்பா பையன் ஒருத்தன் 8,000-க்கு ஒருக்கா பக்தியா மட்ட ஆயில் மாத்திக்கிட்டு வந்தான். ரெண்டே வருஷத்துல வடிகட்டி அடைச்சு வண்டி இழுக்கவே மாட்டேன்னுடுச்சு. அவன் மிச்சம் பிடிச்சதெல்லாம் அதுல போச்சு. சரியான ஆயிலைக் கொஞ்சம் தாமதமா மாத்தறதை விட, தப்பான ஆயிலை சீக்கிரம் மாத்தறது மோசம்னு அவன்கிட்ட இப்ப கேட்டா சொல்லுவான்.

(இடைச்செருகல்: காலி டப்பாவை அப்படியே பழைய இரும்புக் கடைக்குப் போடாதீங்க. கத்தியால குத்திட்டுப் போடுங்க. அந்த டப்பாவுல வேற எதையோ ரொப்பி மறுபடி உங்ககிட்டயே வித்துடுவாங்க.)

சரி, கருப்பா இருந்தா மாத்தணுமா? மேஸ்திரி விரல்ல தொட்டுத் தேய்ச்சு, "கருத்துப் போச்சுங்க"ம்பார். டீசல் இன்ஜின்ல ஆயில் ஊத்தி சில நூறு கிலோமீட்டர்லயே கருத்துடும். கரியைக் கட்டி தட்டாம தனக்குள்ள கரைச்சு வெச்சுக்கறது ஆயிலோட வேலை. கருக்கலைன்னாத்தான் யோசிக்கணும். விரல்ல தொட்டுப் பார்க்கறதை விட வடிதாள்ல ஒரு சொட்டு விட்டுப் பார்க்கறது மேல். சொட்டு ஒரே சீரா சாம்பல் நிறத்துல பரவினா ஆயில் இன்னும் கரியைத் தாங்குது. நடுவுல மைப்பொட்டு மாதிரி கெட்டியா நின்னு ஓரம் கத்தரிச்ச மாதிரி இருந்தா அதோட தெம்பு போச்சு.

ஆனா அப்பாவுக்கும் புத்தகத்துக்கும் நடுவுல தீர்ப்பு சொல்ல வடிதாள் பத்தாது. அதனால ரெண்டு வண்டியிலயும் ஆயில் எடுத்து லேபுக்கு அனுப்பினேன். இன்ஜின் சூடா இருக்கும்போதே, நடு ஆயில் வர்ற மாதிரி, சுத்தமான பாட்டில்ல பிடிக்கணும். முதல்ல வடியற அழுக்கைப் பிடிச்சா ரிப்போர்ட்டும் அழுக்காத்தான் வரும். புது இன்ஜின்ல முதல் ஆயிலை அனுப்பறதுல பிரயோஜனம் இல்லை, தேய்ஞ்சு பழகற இரும்பு அதுல நிறைய இருக்கும், கேஸ்கட் பசைல இருந்துகூட சிலிக்கான் வரும். நாங்க அனுப்பினது அதுக்கெல்லாம் பிந்தினது.

லைன் வண்டில 30,000 கிலோமீட்டர்ல எடுத்தது. காரச்சத்து பாதிக்கு மேல மிச்சம், இரும்பு கம்மி, திக்னஸ் சரியா இருந்துச்சு. லோக்கல் வண்டில 15,000-லயே எடுத்தது. கரி அதிகம், இரும்பும் சிலிக்கானும் சேர்ந்து ஏறியிருந்துச்சு. அப்பா முகத்துல ஒரு வெற்றிச் சிரிப்பு.

ஒரே இன்ஜின், ஒரே ஆயில், பாதி தூரம்தான், எப்படி? மீட்டர்ல மணிக்கணக்கைப் பார்த்தேன். லைன் வண்டி சராசரியா மணிக்கு 45 கி.மீ. போகுது. 30,000 கிலோமீட்டர்னா சுமார் 670 மணி நேரம். லோக்கல் வண்டி லோடுக்கு நிக்கும், எடை மேடைல நிக்கும், ஏசியைப் போட்டுக்கிட்டு இன்ஜினை ஓட விட்டுட்டு டிரைவர் போன் பார்ப்பார் (வெயில்ல அவரை என்ன சொல்றது?). சராசரி 18 கி.மீ.தான். 15,000 கிலோமீட்டருக்கு சுமார் 830 மணி நேரம்! ஓடினது பாதி தூரம், இன்ஜின் உழைச்சது அதை விட அதிகம். அதே வண்டியை 40,000 வரைக்கும் விட்டிருந்தா 2,200 மணி நேரம் ஆயிருக்கும். நினைச்சாலே பகீர்னுது.

திருச்செங்கோட்டு ரிக் காரங்களுக்கு இதெல்லாம் புதுசே இல்லை. போர் போடற வண்டில கம்ப்ரசர் இன்ஜின் நின்ன இடத்துல ஓடும், அங்க கிலோமீட்டர் பேசினா சிரிப்பாங்க. மணிக்கணக்குதான். பக்கத்து ஊர்லயே பாடம் இருக்கு, லாரிக்காரங்க நாங்கதான் கிலோமீட்டரையே கட்டிக்கிட்டு அழறோம். புத்தகத்தோட பின் பக்கத்துலயும் தூசு, குறுகிய ஓட்டம், ஐடிலிங்னா பாதில மாத்துங்கன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கு. 40,000 மட்டும் பெரிய எழுத்துல.

சிலிக்கான் விஷயம் தனி. சிலிக்கான்னா மண்ணு. மண்ணு ஆயிலுக்கு எப்படிப் போகும்? காத்து வழியாத்தான். மேஸ்திரியைக் கூட்டிக்கிட்டு ஏர் ஃபில்டர்ல ஆரம்பிச்சு தடவிக்கிட்டே வந்தோம். ஃபில்டர்ல இருந்து டர்போவுக்குப் போற ரப்பர் ஹோஸ்ல, கிளாம்ப்புக்கு அடியில ஒரு விரிசல். கிரஷர் தூசியை வடிகட்டாம நேரா இன்ஜின் குடிச்சிருக்கு. இதை விட்டிருந்தா அடுத்த வருஷம் லைனர், பிஸ்டன் வேலைதான். ஆயிலை மட்டும் பத்தாயிரத்துக்கு ஒருக்கா மாத்திக்கிட்டே இருந்தாலும் விரிசல் அங்கயேதான் இருந்திருக்கும், மண்ணு உள்ள போயிக்கிட்டேதான் இருந்திருக்கும். ஹோஸ் மாத்த ஆன செலவு ஒரு ஆயில் சர்வீஸ்ல பாதி கூட இல்லை.

இப்ப எங்க ஏற்பாடு: லோக்கல் வண்டிக்கு 500 மணி நேரம், கிலோமீட்டர் பார்க்கறதே இல்லை. லைன் வண்டிக்கு 30,000. வாரன்டி முடியற வரைக்கும் புத்தக அளவைத் தாண்ட மாட்டோம், ஆயில் பில்லை ஃபைல்ல வெச்சிருக்கோம். உங்க வண்டிக்கு இதே எண்ணை அப்படியே எடுத்துக்காதீங்க, உங்க மீட்டர்ல மணியைப் பாருங்க.

போன மாசம் லோக்கல் வண்டில மறுபடி சேம்பிள் எடுத்தோம். சிலிக்கான் பாதிக்கும் கீழ இறங்கியிருந்துச்சு. அப்பா கண்ணாடி போட்டுக்கிட்டு ரிப்போர்ட்டை ரெண்டு தரம் படிச்சார்.

"லைன் வண்டிக்கு எத்தனைன்னு சொன்ன?"

"முப்பதாயிரமுங்ப்பா."

"செரி, இருபத்தஞ்சுல மாத்திப்போடு."