பென் டிரைவைப் பிடுங்கும் முன்



ஒரு கோப்பைச் சேமித்தால் அது உடனே வட்டில் எழுதப்பட்டுவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லையாம். என்னிடம் படித்து, இப்போது லினக்ஸ் வேலையில் இருக்கும் மாணவர் ஒருவர் எனக்கு விளக்கினார். நம் ஆண்ட்ராய்டு போன்களுக்குள் இருப்பதும் இந்த லினக்ஸ் கெர்னல்தான்.

ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்று ஒரு பதிவு உண்டு. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு வரி இருக்குமே, அதுபோல. கோப்பின் அளவு, உரிமையாளர், மாற்றிய நேரம் எல்லாம் அதில் இருக்கும். பெயர் மட்டும் இருக்காது. அது கோப்புறையில் தனியாக இருக்கும்.

இந்தப் பதிவை நினைவகத்துக்கு எடுத்துவரும் கெர்னல், அதன் நிலையையும் குறித்து வைக்கிறது. எடுத்துவரும்போது ‘புதிது’, வேலை முடியும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். கோப்பு மாறியிருந்து, வட்டில் இன்னும் எழுதப்படவில்லை என்றால் ‘அழுக்கு’. பெயரே அப்படித்தான்! நினைவகத்திலிருந்து நீக்கும்போது ‘விடுவிப்பு’. அப்போது யார் கேட்டாலும் கொடுக்காது.

வட்டு மெதுவானது. அதனால் மாற்றங்களைச் சேர்த்துவைத்துத்தான் எழுதும். வழக்கமான அமைப்பில் 5 விநாடிக்கு ஒருமுறை பார்த்து, 30 விநாடிக்கு மேல் அழுக்காகக் கிடப்பதை எழுத அனுப்பும்.

எழுதத் தொடங்கும் முன்பே ‘அழுக்கு’க் குறியை எடுத்துவிடும் என்று கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. முடித்த பிறகல்லவா எடுக்க வேண்டும்? யோசித்தால் புரிகிறது. எழுதும்போதே யாராவது கோப்பை மாற்றினால் குறி மறுபடி விழும். முடித்த பிறகு எடுத்தால் அந்தப் புதுக் குறியும் சேர்ந்து போய்விடும். மாற்றம் எழுதப்படாமலே மறைந்துவிடும்.

இதையெல்லாம் நான் கேட்கக் காரணம், உறவுக்காரப் பெண் ஒருத்தி. மறைந்த அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களை லினக்ஸ் கணினியிலிருந்து பென் டிரைவில் ஏற்றினாள். ‘முடிந்தது’ என்று வந்ததும் பிடுங்கிவிட்டு, கணினியில் இருந்ததையும் அழித்துவிட்டாள். வீட்டில் போட்டுப் பார்த்தால் பெயர்கள் இருக்கின்றன, பாதிப் படங்கள் திறக்கவில்லை. நினைவகத்தில் இருந்தது டிரைவுக்குப் போய்ச் சேரவே இல்லை.

ஆகவே ‘எஜெக்ட்’ கொடுங்கள். எடுக்கலாம் என்று அது சொல்லும்வரை பொறுங்கள். வேறு கணினியில் திறந்து பார்த்த பிறகே பழையதை அழியுங்கள்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். அந்த மாணவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.