அப்பத்தா பஞ்சாங்கம்

ஆபீஸில் என் பக்கத்து ஸீட்டுக்காரருக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகிறது. அதனால் என்ன, அடுத்தவன் கல்யாணத்துக்கு பிளான் போட்டுக் கொடுப்பதில் மனுஷர் மன்னன். எனக்குப் பெண் நிச்சயமான சேதி தெரிந்த மறுநாளே, தயிர்சாதத்துக்கு நடுவில் போனை நீட்டினார். நீலக் கடல், வெள்ளை வெளேரென்று வீடுகள், ஒரு வெள்ளைக்கார ஜோடி.

"சான்டோரினி. கிரீஸ்ல ஒரு தீவு. பண்ணினா இங்கே பண்ணணும்யா கல்யாணம்."

"எங்க பக்கம் மட்டும் நானூறு பேர் சார். அதுல முக்கால்வாசிப் பேர் மதுரையைத் தாண்டினதில்லே."

"சும்மா தெரிஞ்சுக்கோ. மே, ஜூன், இல்லேன்னா செப்டம்பர். அதான் அங்கே ஸீஸன். ஜூலை, ஆகஸ்ட்ல வெயிலும் ஜாஸ்தி, கூட்டமும் ஜாஸ்தி. போதாக்குறைக்கு வடக்கேயிருந்து ஒரு காத்து அடிக்கும். மெல்டெமின்னு பேரு. பொண்ணு தலையில போட்டிருக்கிற வலைத்துணி ஏதென்ஸ்ல போய் விழும். குளிர்காலம் வந்தா மழை."

எனக்குப் பொறாமையாக இருந்தது. கடலைப் பார்த்து அல்ல. வெயில், மழை, காற்று, மூன்றையும் பார்த்தால் கல்யாணத் தேதி ரெடி! 2017 டிசம்பரில் விராட் கோலி இத்தாலியில் போய்க் கல்யாணம் செய்துகொண்டாரே, அவரிடம் யாராவது, "தம்பி, மார்கழி பிறக்கப்போகுது, சீக்கிரம்" என்று அவசரப்படுத்தியிருப்பார்களா?

எனக்கு ஊர் ராஜபாளையம். பெண்ணுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ் ஏறி டிக்கெட்டுக்குச் சில்லறை தேடி முடிப்பதற்குள் கோபுரம் தெரிந்துவிடும். என் சக்திக்கு அதுதான் டெஸ்டினேஷன் வெட்டிங். ஆனால் தேதி குறிக்கக் கூடிய கூட்டம் இருக்கிறதே, அது 2024 ஐப்பசியில், தீபாவளி முடிந்து மிச்சமிருந்த அதிரசத்தோடு எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆரம்பித்தது.

ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் முதல் ரவுண்டிலேயே அவுட். பங்குனியில்தான் சண்டை வந்தது. "எங்க வழக்கத்துல பங்குனியில செய்யறதில்லே" என்றார் என் அப்பா. பெண்ணின் அப்பா லேசாகச் சிரித்தார். "சம்பந்தி, எங்க ஊர் ஆண்டாளுக்கும் ரெங்கமன்னாருக்கும் கல்யாணமே பங்குனி உத்திரத்துலதான்."

அப்பா கொஞ்சமும் அசரவில்லை. "அது தெய்வம் செய்யறது. நாம மனுஷங்க."

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் பிறந்தது ஆடிப் பூரம். அன்றைக்கு அந்தப் பெரிய தேர் புறப்பட்டால் ஊரில் கால் வைக்க இடமிருக்காது. அவள் பாவை நோன்பு மார்கழி. கல்யாணம் பங்குனி. ஆக, அந்தப் பெண் தனக்கென்று எடுத்துக்கொண்ட மாதங்களாகப் பார்த்துத்தான் மற்றவர்களைக் கல்யாணம் செய்துகொள்ளாதே என்கிறோம். அதாவது எங்கள் அப்பா சொல்கிறார். மிச்ச மாதத்திலாவது சும்மா இருக்கிறாளா? சித்திரையில் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்க அவள் சூடிய மாலை போகவேண்டும். புரட்டாசியில் திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும் போகவேண்டும். கல்யாணக் கனவைப் பாசுரமாகப் பாடி வைத்து, வைணவக் கல்யாணங்களில் இன்றைக்கும் 'வாரணமாயிரம்' சொல்ல வைத்தவள் ஊரில், எனக்கு ஒரு நாள் கிடைக்கவில்லை.

ஐப்பசியும் கார்த்திகையும் மழை. எங்கள் பக்கம் மழையே அப்போதுதான். பந்திப் பந்தலுக்கு அடியில் குடை பிடித்துக்கொண்டு பாயசம் சாப்பிட்ட கல்யாணங்களை நான் பார்த்திருக்கிறேன். தை என்றால் ஊரே தை. மண்டபக்காரரிடம் கேட்டால், "எந்த வருஷத்துத் தை தம்பி?" என்கிறார். சித்திரையில் அக்கினி நட்சத்திரம் ஆரம்பம். வைகாசி பாதி வரைக்கும் அது விடாது. மாப்பிள்ளை நெற்றிச் சந்தனம் தாலி கட்டுவதற்குள் மூக்கு நுனிக்கு வந்துவிடும். ஆனாலும் வைகாசிக்கு ஒரு கட்சி இருந்தது. சித்தப்பா தலைமை. "அப்பதான் சப்பட்டை மாம்பழம் வரும். பந்தியில ஆளுக்கொண்ணு வைக்கலாம்." ராஜபாளையத்துச் சப்பட்டையைத் தின்று பார்த்தவர்கள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல மாட்டார்கள்.

என் ஓட்டு ஆனிக்கு. காரணத்தை வெளியே சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். ஆனியில் குற்றாலத்தில் ஸீஸன். தாலி கட்டிய மூன்றாம் நாள் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் சாரல். தேன்நிலவுச் செலவு மொத்தமே ரெண்டு பஸ் டிக்கெட்டும் ஒரு எண்ணெய்ப் பாட்டிலும். ஆபீஸிலும் ஏப்ரல், மே நெருக்கடி முடிந்து ஜூனில் லீவு கிடைக்கும். ரயில் டிக்கெட்டும் 2024 நவம்பரிலிருந்து அறுபது நாள் முன்னால்தான் எடுக்கமுடியும் என்று மாற்றிவிட்டார்கள். அவசரமே இல்லை. ஆனியில் நல்ல வளர்பிறை முகூர்த்தமும் இருந்தது. ஜோசியர் தலையாட்டினார். மண்டபம் காலி. எல்லாரும் சரி என்றார்கள். அப்பத்தாவும் மூலையில் உட்கார்ந்து, "ஆனியா? செய்ங்கப்பா, செய்ங்க" என்றது.

அன்றைக்கு ராத்திரி அவளிடமிருந்து போன். பி.பார்ம் முடித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். நிச்சயத்துக்கு முன்னால் இரண்டு தடவைதான் பேசியிருக்கிறோம். இரண்டு தடவையும் "சாப்பிட்டீங்களா?"வோடு நின்றுவிட்டது. இந்தத் தடவை குற்றாலத்தைப் பற்றிப் பேச்சை எப்படி ஆரம்பிக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்.

"உங்க அப்பத்தாவுக்கு எந்த மாசம் இழுப்பு கம்மியா இருக்கும்?"

"என்ன இழுப்பு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பொண்ணு பார்க்க வந்தப்போ எங்க வீட்டுப் படி மூணு ஏறிட்டு, பேசறதுக்குக் கொஞ்ச நேரமாச்சுங்க அவங்களுக்கு. இடுப்புப் பையில இன்ஹேலர் வச்சிருந்தாங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. சென்னைக்கு வந்து எட்டு வருஷம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போவேன். அப்போது அது இருமும். மழைக்கு, பனிக்கு எல்லாக் கிழவிகளும்தான் இருமுகிறார்கள் என்று நினைத்துவிட்டு டி.வி. சத்தத்தைக் கூட்டி வைப்பேன். அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா மாமியாரைப் பற்றிப் பேசினால் மரியாதை தூக்கலாக இருக்கும்.

"ஒனக்குத் தெரியாதாடா? ஐப்பசியில முதல் மழை விழுந்தா ஆரம்பிச்சிரும். மார்கழிப் பனியில ரொம்பக் கஷ்டப்படுவாக. தை பாதிக்கு மேல கொஞ்சம் தேவலை. மாசி, பங்குனி நல்லா இருப்பாக. சித்திரையில புழுக்கம். ஆனியில காத்து அடிக்க ஆரம்பிச்சா போச்சு, ராத்திரி பூரா உக்காந்தேதான் இருப்பாக, படுக்க முடியாது."

"பெறகு ஏன் ஆனிக்கு சரின்னாங்க?"

"ஒனக்கு லீவு அப்பதானே கெடைக்கும்னு சொன்னியாமே."

ஆனி, ஆடிக் காற்றை எங்கள் ஊரில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மலையின் அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்டும். தெற்கே கணவாய் வழியாகத் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரல் வரும். எங்களுக்கு மலை உச்சியில் மேகம் மட்டும் காட்டிவிட்டு, ஊருக்குள் காற்றை விடும். புழுதியோடு. பக்கத்து ஸீட்டுக்காரர் சொன்ன மெல்டெமி ஞாபகம் வந்தது. கிரீஸில் அதற்குத் தப்பித் தேதி வைக்கவேண்டும் என்று இணையத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் காற்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள் அல்லவா, ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுவது, அந்தத் தறிகளுக்கு அப்பத்தா தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதன் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். "அப்பத்தா நரைச்சுப் போச்சு" என்று கை தட்டுவேன். அந்தத் தூசியால்தான் இழுப்பு வந்ததா என்று டாக்டர்தான் சொல்லவேண்டும். என் காலேஜ் பீஸ் அந்தத் தாரிலிருந்து வந்தது என்பது மட்டும் எனக்கே தெரியும்.

ஆக, மாசி. அப்பாவைச் சம்மதிக்க வைப்பது சுலபமாக இருந்தது. 'மாசிக் கயிறு பாசி படியும்' என்று ஒரு பழமொழி இருக்கிறது. மாசியில் கட்டின தாலிக் கயிறு பாசி படிகிற அளவுக்கு நீடிக்குமாம். அப்பா அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி தெருவெல்லாம் சொன்னார். சித்தப்பாதான் மாம்பழம் போன வருத்தத்தில் ஒரு வாரம் பேசவில்லை. அவருக்குப் பால்கோவாவைக் காட்டிச் சமாதானம் செய்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். அதற்கு ஸீஸனும் கிடையாது.

மாட்டிக்கொண்டது நான்தான். கிடைத்த முகூர்த்தம் 2025 மார்ச்சில், ஒரு வளர்பிறை ஞாயிறு. நான் வேலை பார்ப்பது அக்கவுண்ட்ஸில். அக்கவுண்ட்ஸ்காரன் மார்ச்சில் கல்யாணம் செய்வதும் சமையல்காரர் பந்தி நேரத்தில் தூங்கப் போவதும் ஒன்று. மானேஜர் என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏப்ரலுக்கு மேல பத்துக் கல்யாணம் வேணாலும் பண்ணிக்க. யார் வேண்டாங்கறா?"

ஜோசியர், முகூர்த்தம், மண்டப அட்வான்ஸ் என்று ஆரம்பித்தேன். எதற்கும் அசையவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். "எங்க அப்பத்தாவுக்கு மூச்சு அப்பதான் சார் நல்லா இருக்கும்." அவர் கண்ணாடியைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். "நாலு நாள். லாப்டாப் எடுத்துட்டுப் போ" என்றார்.

ஆகவே, என் கல்யாண ஆல்பத்தில் ஒரு போட்டோ இருக்கிறது. வரவேற்பு மேடைக்குப் பின்னால், பட்டு வேஷ்டி, கழுத்தில் மாலை, மடியில் லாப்டாப், டிரையல் பாலன்ஸ். பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பது என் மனைவி. பொதிகையில் ராத்திரி ஏறி விடிகாலையில் வந்து இறங்கிய ஆபீஸ் நண்பர்கள் எடுத்தது. பக்கத்து ஸீட்டுக்காரரும் வந்திருந்தார். முகூர்த்தம் முடிந்து கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றவர், "அரசாங்க முத்திரையிலே இருக்கிறது இதுதானேய்யா?" என்று கேட்டார். சான்டோரினியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பால்கோவா ரெண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

அப்பத்தா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தது. இளம் வெயில், புழுதி இல்லை, பனி இல்லை. அதற்கு மூச்சு நன்றாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. பேச ஆரம்பித்துவிட்டது. நாதஸ்வரக்காரரிடம் ஊர் விசாரித்தது. சம்பந்தியம்மாவிடம் நான் எட்டு வயசு வரைக்கும் படுக்கையை நனைத்த சரித்திரத்தைச் சொன்னது. கெட்டிமேளம் கொட்டும்போதுகூட அதன் குரல் தனியாகக் கேட்டது. வீடியோவில் இன்றும் கேட்கலாம்.

குற்றாலம் போனோமா என்று கேட்கிறீர்கள். போனோம். மாசியில் குற்றாலம் எப்படி இருக்கும் என்றால், பாறை நன்றாகத் தெரியும். அருவி விழ வேண்டிய இடத்தில் யாரோ குழாயைச் சரியாக மூடாத மாதிரி ஒரு கோடு. இரண்டு குரங்குகள், ஒரு எண்ணெய்க்காரர், நாங்கள். எண்ணெய்க்காரர் அவளைப் பார்த்து, "ஆனியில வரப்படாதா தாயி?" என்றார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆனி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி இருவரும் பஸ் ஏறி ஊருக்குப் போனோம். சனிக்கிழமை ராத்திரி காற்று ஆரம்பித்தது. தகரக் கூரை படபடத்தது. ஒரு மணி இருக்கும், விழித்துப் பார்த்தால் பக்கத்தில் அவளைக் காணோம். கூடத்தில் அப்பத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே ஒரு விசில் சத்தம். அவள் அதன் கையில் இன்ஹேலரைப் பிடித்து, "வாயில வச்சு மெதுவா இழுங்க, அப்படியே பத்து எண்ணுங்க" என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அது இன்ஹேலரைத் தப்பாகத்தான் பிடித்து அடித்துக்கொண்டிருந்ததாம். மருந்து பாதி வெளியே போயிருக்கிறது.

நான் போய் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன். எலும்பு கையில் தட்டுப்பட்டது. கொஞ்சம் மூச்சு வந்ததும் அப்பத்தா என் பக்கம் திரும்பியது.

"குத்தாலத்துல தண்ணி கொட்டுதாம்லய்யா. ரெண்டு பேரும் போய்ட்டு வாங்களேன்."

"காலையில பார்ப்போம் அப்பத்தா. நீ எண்ணு."

"எத்தனையில விட்டேன்?"

"நாலு" என்றாள் அவள்.